பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கல்வியும் நம் வீட்டுக் கிதாபுகளும்

(கல்லூரி ஒன்றில் இஸ்லாமியக் கல்வித் துறையின் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் திருப்பெயர் போற்றித் தொடங்குகிறேன்.

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் கல்லூரித் தாளாளர் அவர்களே, வரவேற்புரை நல்கிய முதல்வர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிச் சிறப்பித்த பல்கலைக்கழகப் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் ஆலிம் பெருமக்களே, ஜமாஅத் நிர்வாகிகளே, தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நண்பர்களே, மாடத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இந்தத் துறையின் முதல் அணியாகச் சேர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் நிலவுவதாக.

பொருளுக்குள் நுழையுமுன் சில நன்றிக்கடன்களை நான் தீர்த்தாக வேண்டும். இப்படியொரு துறை வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக்கொண்டு முதன்முதலில் தாளாளர் அவர்களின் இல்லத்துக்குச் சென்றபோது, எத்தனை மாணவர்கள் சேருவார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நூலகத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்றுதான் கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் என் மனம் நிறைந்துவிட்டது. முதல்வர் அவர்கள் வேதியியல் அறிஞர். ஆயினும் ஜாபிர் இப்னு ஹய்யானின் பெயரால் வழங்கும் ரசவாத நூல்களைப் பற்றி என்னோடு அரைமணி நேரம் உரையாடி, இந்தத் துறை தமது ஆய்வுக்கூடத்துக்கும் உறவுடையது என்று ஆட்சிக்குழுவில் வாதாடினார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நாள்தோறும் நடத்தும் பாடத்தை இன்று ஒருநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் மூத்த ஹஜ்ரத் அவர்களுக்கு நான் என்ன நன்றி சொல்வது! அவர்களிடம் ஓதியவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறார்கள்.

நான்கு செய்திகளைச் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். மதரஸாக் கல்விக்கும் பல்கலைக்கழக இஸ்லாமியக் கல்விக்கும் உள்ள உறவு ஒன்று. இந்தக் கல்வியின் நெடிய வரலாறு இரண்டு. இதற்கு வேண்டிய மொழிப்பயிற்சி மூன்று. படித்து முடிப்போருக்கான வேலைவாய்ப்பு நான்கு. இவை நான்குக்கும் அடித்தளமாக எங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கிய பழமொழி ஒன்று உண்டு: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

முதலில், இந்தத் துறை மதரஸாவுக்குப் போட்டியாக வந்ததன்று. வேலூர் பாக்கியாத்தில் ஓதி முடித்தவர் பாகவி என்றும், லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் மன்பஈ என்றும், இலங்கைப் பேருவளையில் 1973ஆம் ஆண்டு நளீம் ஹாஜியார் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாவில் பயின்றவர் நளீமி என்றும் தம் பெயரோடு தாம் ஓதிய இடத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அந்தச் சொல் கேட்பவருக்கு ஒரு கல்விப் பரம்பரையையே சொல்லிவிடுகிறது. பழங்காலத்தில் ஆசிரியர் மாணவருக்கு அளித்த இஜாஸா என்னும் அனுமதியும் அப்படிப்பட்டதே: எந்தக் கட்டடத்தில் படித்தாய் என்பதைவிட, யாரிடம், எந்த நூலை ஓதினாய் என்பதையே அது சொல்லும். மதரஸா மாணவர் ஒரு சட்ட நூலை ஓதும்போது அதன்படி வாழவும் பிறருக்கு வழிகாட்டவும் பயிற்சி பெறுகிறார். பல்கலைக்கழக மாணவர் அதே நூலைக் கையில் எடுத்து, இது எந்த நூற்றாண்டில், எந்த ஊரில், யாருக்காக எழுதப்பட்டது, எந்தப் பிரதி முந்தியது, இதிலுள்ள நாணயமும் அளவையும் எந்தச் சந்தையில் புழங்கியவை என்று கேட்கிறார். இப்படிக் கேட்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்று சிலர் கருதுகிறார்கள். நபிமொழிகளை ஆராயும் ஹதீஸ் கலையில் ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டு, அந்தத் தொடரில் உள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். இந்தக் கேள்வி நம் வீட்டுச் சொத்து.

வரலாற்றுக்கு வருகிறேன். சல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் 11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யா மதரஸாவில் மார்க்க மேதை இமாம் கஸ்ஸாலி 1091ஆம் ஆண்டு பேராசிரியரானார். 1095இல், புகழின் உச்சியில் இருந்தபோதே, அந்தப் பதவியைத் துறந்து வெளியேறினார். பத்தாம் நூற்றாண்டில் கெய்ரோவில் பாத்திமிய ஆட்சியாளர்கள் எழுப்பிய அல்அஸ்ஹர், ஷீஆ நிறுவனமாகத் தொடங்கிப் பின்னாளில் சுன்னி உலகின் பெருங்கல்விக்கூடமாக மாறி, 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமும் பொறியியலும் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகவும் விரிந்தது. நம் நாட்டில் 1875இல் அலிகாரில் சர் சையத் அகமத் கான் விதைத்தது 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. இவை பாடநூல்களில் உள்ளவை, ஆகவே விரிக்கவில்லை. பாடநூல்கள் அவ்வளவாகப் பேசாத ஒருவரைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

பக்தாதில் இப்னு நதீம் என்றொருவர் இருந்தார். வர்ராக் என்னும் தொழில் செய்தவர். அதாவது காகிதம் வாங்கி, நூல்களைப் படியெடுத்து விற்பவர். அவர் 987ஆம் ஆண்டு ஃபிஹ்ரிஸ்த் என்ற நூலை முடித்தார். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களையும் அவற்றின் ஆசிரியர்களையும் துறைவாரியாகத் தொகுத்த பட்டியல் அது. வேதங்கள், இலக்கணம், கவிதை, சட்டம், தத்துவம், கதைகள், பிற சமயத்தாரின் நம்பிக்கைகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. அதில் குறிக்கப்பட்ட நூல்களில் பெரும்பகுதி இன்று உலகில் எங்கும் இல்லை. அவை இருந்தன என்பதே பலவற்றைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலால்தான் நமக்குத் தெரிகிறது. ஒரு புத்தகக்காரர் உட்கார்ந்து எழுதி வைத்த பட்டியலன்றோ அந்த நாகரிகத்தின் சட்டியில் என்ன இருந்தது என்று நமக்குக் காட்டுகிறது! சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

அப்படியானால் நம் சட்டியில் என்ன இருக்கிறது? நான் புரட்டிப் பார்த்த சில பாடத்திட்டங்களில் உமய்யாக்கள் உண்டு, அப்பாஸியர் உண்டு, முகலாயர் உண்டு. மஅபர் என்று அரபுப் பயணிகள் எழுதிவைத்த நம் கரை இல்லை. இப்னு பதூதா 1340களில் இந்தக் கரைக்கு வந்து மதுரை சுல்தானைக் கண்டு எழுதிய பக்கங்கள் இல்லை. இந்தக் குறையை எனக்குப் புரியவைத்தவர் ஒரு தாய். அந்த நிகழ்ச்சியை நான் முழுமையாகச் சொல்ல வேண்டும், பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் மாதத்தின் கடைசி வாரம், கடலோர ஊர் ஒன்றிலுள்ள நண்பரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். நோன்பு வருகிறதென்று வீட்டை வெள்ளையடித்து, பழைய சாமான்களை முற்றத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். நடையில் பச்சை வண்ணம் உரிந்த தகரப் பெட்டி ஒன்று. வாசலில் நண்பரின் மகன் இருசக்கர வண்டியை முடுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். "உம்மும்மா இதக் கடல்ல சேக்கச் சொன்னாங்க" என்றான். நண்பரின் தாயாரை நான் மாமி என்று அழைப்பது வழக்கம். உள்ளே குரல் கொடுத்து, "மாமி, இதில் என்ன இருக்கிறது?" என்றேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "எல்லாம் ஓதுற கிதாபுதான் வாப்பா. ஓத ஆளில்ல. கால் பட்டாப் பாவம். மருவாதியாக் கடல்ல சேத்துட்டா மனசு நிம்மதியாப் போவும்." அந்தச் சொல்லில் அலட்சியம் சிறிதும் இல்லை. அரபு எழுத்துள்ள தாள் எதுவானாலும் அதைக் குப்பையில் போடக் கூடாது என்ற மரியாதைதான் அந்தப் பெட்டியைக் கடலுக்கு அனுப்பவிருந்தது.

அனுமதி பெற்றுப் பெட்டியைத் திறந்தேன். வேப்பிலைச் சருகும் கற்பூர வாடையுமாக இருந்தது. மேலே, தனித்தனி ஜுஸ்உகளாக, அதாவது பாகங்களாக, கட்டிய குர்ஆன். அதன் கீழே கல்லச்சில் அச்சிட்ட, நபிகளையும் பெரியோரையும் புகழ்ந்து பாடும் மவ்லிது கிதாபுகள். ராமபாணப் பூச்சி துளைத்து, எடுத்தால் மாவாக உதிர்ந்தன. அடியில், நூல் கொண்டு கையால் தைத்த நீண்ட கணக்கு நோட்டு ஒன்று. அதை விரித்துப் படிக்க முயன்றேன். எழுத்து அரபு, சொல் எதுவும் பிடிபடவில்லை. நண்பரின் மகன் குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாபிழ். "நீ எழுத்தைக் கூட்டி வாசி, தம்பி" என்றேன். வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பொருள் தெரியாமல், ஒலியை மட்டும் கூட்டிக் கூட்டி உரக்க வாசித்தான். அவன் மூன்றாம் வரியை முடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து மாமி விரைந்து வந்தார்கள். கையில் அகப்பை அப்படியே இருந்தது, கஞ்சி சொட்டிக்கொண்டிருந்தது. "இது எங்க உம்மும்மா தொட்டில்ல போட்டுப் பாடுற தாலாட்டுல்ல!" என்றவர்கள், அவன் நிறுத்திய இடத்திலிருந்து அடுத்த நான்கு வரிகளைத் தாமே பாடி முடித்தார்கள்.

பேரனுக்கு எழுத்து தெரிந்தது, பாட்டு தெரியவில்லை. மாமிக்குப் பாட்டு தெரிந்தது, எழுத்து மறந்துபோயிருந்தது. இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாலை வரை அந்த நோட்டைப் படித்தோம். தாலாட்டுக்குப் பின் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுக்கு, மிளகு, ஓமம் சேர்ந்த மருந்துக் குறிப்பு. அதன்பின், தவறிப்போன களா நோன்புகளின் கணக்கு. ஆண்டுவாரியாகக் கோடு போட்டு, நோற்று முடித்தவற்றை அடித்திருந்தார்கள். கணவர் கொழும்புக்குச் சபர் போன நாள், அனுப்பிய பணம், அண்டை வீட்டுக்குக் கடனாகக் கொடுத்த நகையின் எடை. எழுதியவர் ஒரு பெண். மார்க்கச் சட்டம், கடல் வணிகம், மருத்துவம், பெண்கல்வி ஆகிய நான்குக்கும் ஒரே நோட்டில் மூலச்சான்று இருந்தது. வண்டி புறப்பட இன்னும் ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் அது கடலுக்குள் போயிருக்கும்.

அன்றிலிருந்து நான் எந்த மேடையில் ஏறினாலும் அரபுத் தமிழைப் பற்றிப் பேசாமல் இறங்குவதில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறை இது. ப, ங, ண போன்ற, அரபியில் இல்லாத ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் தமக்கென்று ஓர் எழுத்து முறையை ஆக்கிக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் (1816–1898) மார்க்கச் சட்டத்தைச் சாதாரண மக்களுக்குக் கொண்டுசேர்க்க ஃபத்ஹுத் தய்யான் என்ற நூலை இந்த எழுத்தில்தான் இயற்றினார்கள். மலபாரில் 1607ஆம் ஆண்டு காழி முஹம்மத் இயற்றிய முஹ்யித்தீன் மாலை அரபு மலையாளத்தில் உள்ளது. மலாய் மக்களுக்கு ஜாவி எழுத்து உண்டு. ஆப்பிரிக்க மொழிகளுக்கு அஜமி எழுத்து உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலுள்ள திம்புக்துவில் 2012இல் ஆயுதக்குழுக்கள் நகரைப் பிடித்தபோது, நூலகர்களும் குடும்பங்களும் சுவடிகளைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, மறைவாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டுசென்று காத்தார்கள். அங்கும் தகரப் பெட்டிதான், இங்கும் தகரப் பெட்டிதான்.

கெய்ரோவின் பழைய பகுதியில், யூதர்கள் இறைவனின் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்று தம் ஆலயத்தின் அறை ஒன்றில் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு வைத்தார்கள். கெனிசா என்று அழைக்கப்படும் அந்த அறையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரிலிருந்த ஒரு வணிகரின் கடிதங்கள்கூட அவற்றில் உண்டு. இடைக்கால அரபு உலகின் அன்றாட வாழ்வை இன்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவது பெரிதும் அந்தத் தாள்களைக் கொண்டே. அவர்களுக்கும் நமக்கும் இருந்தது ஒரே மரியாதை. அவர்கள் அறையில் போட்டார்கள், நாம் கடலில் சேர்க்கிறோம்.

தமிழ்த்துறை நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. ஸலாத் என்ற அரபுச் சொல்லுக்கு நம் மக்கள் தொழுகை என்றார்கள். ஸவ்முக்கு நோன்பு என்றார்கள். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றார்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று புது இலக்கிய வகைகள் தமிழுக்கு வந்தன. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், 5027 பாடல்களுக்குள், அரபு நாட்டில் ஆறு பெருகி வயல் விளைகிறது. இந்தச் சொற்களின் வழியாகவே ஒரு நாகரிகம் இன்னொன்றின் வீட்டுக்குள் நுழைந்தது. இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய இருக்கையை அணிசெய்த ம. மு. உவைஸ் அவர்கள் இதை வாழ்நாள் பணியாகச் செய்தார்கள். அந்தப் பணியைத் தொடரும் கைகள் போதவில்லை.

மொழிப்பயிற்சியைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. அரபியோடு பாரசீகமும் ஓரளவு வேண்டும் என்பதை மட்டும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றித் துறைத்தலைவர் அவர்கள் பிற்பகல் அமர்வில் சொல்வார்கள். எனக்குத் தந்த நேரத்தின் எஞ்சிய பகுதியை என் வேண்டுகோளுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதல்வர் அவர்களே, இந்தப் பட்டப்படிப்பில் அரபுத் தமிழ் வாசிப்பு ஒரு கட்டாயத் தாளாக வேண்டும். அரபு எழுத்து தெரிந்த மாணவருக்கு அந்தக் கூடுதல் புள்ளிகளைப் பழக ஒரு பருவம் போதும். கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் பத்து வீடுகளுக்குச் சென்று, வீட்டாரின் அனுமதியோடு, கிதாபுகளைக் கைப்பேசியில் படமெடுத்து, எந்த நூல், எத்தனை ஏடு, யாருடையது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிவர வேண்டும். நூலை வீட்டிலிருந்து எடுத்துவர வேண்டியதில்லை. உரிமை அந்தக் குடும்பத்துக்கே இருக்கட்டும். நமக்கு வேண்டியது இப்னு நதீம் எழுதியதைப் போன்ற ஒரு பட்டியல். தாளாளர் அவர்களே, ஈரம் ஏறாத ஓர் அறையும் ஒரு வருடி இயந்திரமும் தாருங்கள். ஹஜ்ரத் அவர்களே, உங்களிடம் நான் கேட்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஷஅபான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் மிம்பர் மேடையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: பழைய கிதாபுகளைக் கடலிலோ கிணற்றிலோ சேர்க்குமுன் இந்தக் கல்லூரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று. நாங்கள் நூறு சுவரொட்டி ஒட்டினாலும் உங்கள் ஒரு சொல்லுக்கு ஈடாகாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அந்தச் சட்டியை இன்று காத்துத்தர உங்களால்தான் முடியும்.

மாமி இப்போது நம்மிடையே இல்லை. அவர்களின் குடும்பத்தார் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதன் முழு நகலை இந்தத் துறைக்கு அளிக்க அனுமதியும் தந்திருக்கிறார்கள். அன்று எழுத்துக்கூட்டி வாசித்த அந்தப் பேரன், முதல் அணி மாணவராக இதோ இந்த அரங்கின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரே மேடைக்கு வந்து அந்த நகலை முதல்வர் அவர்களிடம் ஒப்படைக்குமாறு அழைக்கிறேன்.

வஸ்ஸலாம்.