அஞ்சு பேர் பார்ட்டில ஒரு மனுஷன் கூட இல்லையா?

மக்களே, இன்னிக்கு மினியேச்சர் பெயிண்டிங் வீடியோ வரும்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். முதல்ல இதைப் பேசியே ஆகணும், செம கடுப்புல இருக்கேன். நம்ம புது டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டிக் கதையை ஆடுற கேம்) கேம்பெய்னுக்கு, அதாவது தொடர் கதைக்கு, சனிக்கிழமை செஷன் ஜீரோ (ஆட்டத்துக்கு முன்னாடி உக்காந்து பேசுற சந்திப்பு) வச்சோம்ல, பார்ட்டில, அதாவது சேர்ந்து ஆடுற குழுவுல, அஞ்சு பேரும் கேரக்டர் ஷீட்டோட வந்தாங்க. கொம்பும் வாலும் வச்ச டீஃப்ளிங், செதில் உடம்பு ட்ராகன்பார்ன், தேவலோக ரத்தம் உள்ள ஆசிமார், குட்டியான நோம், இன்னொரு டீஃப்ளிங். மனுஷன் ஒருத்தர் கூட கிடையாது! கதை நடக்குறது மனுஷங்க மட்டுமே வாழ்ற ஒரு மீன்பிடி கிராமம், போன வீடியோல மேப்பே போட்டுக் காட்டினேனே. கொம்பும் வாலும் செதிலுமா இவங்க கடைவீதில வந்து நின்னா ஊர்க்காரன் கதவைச் சாத்திட்டு ஓடணும். ஓடாம சாதாரணமா பேசினான்னு வைங்க, அப்ப அந்தக் கொம்பு வெறும் தொப்பி மாதிரி ஆயிடுது. டீஃப்ளிங் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்கிறதாலதான் சொல்றேன், சுத்தி மனுஷங்க இருந்தாதான் டீஃப்ளிங்குக்கு கெத்து.

அதை விட எனக்கு வயித்தெரிச்சல் தீப்பந்தம்தான். கேம்ல ஒரு பந்தம் 1 காப்பர், 100 காப்பர் சேந்தாதான் 1 கோல்ட். 1 மணி நேரம் எரியும், 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதுக்கு அப்புறம் 20 அடி மங்கலா. எட்டு மணி நேரம் குகைக்குள்ள இருக்கப் போறீங்கன்னா மொத்த செலவே 8 காப்பர். இந்த 8 காப்பர்ல எவ்ளோ கதை இருக்கு தெரியுமா? ஒரு கை பந்தத்துக்குப் போயிடும், மிச்ச கைல கேடயமா வாளான்னு யோசிக்கணும், நாம வர்றது எதிரிக்கு தூரத்துலயே தெரிஞ்சிடும், கடைசிப் பந்தம் பாதி எரிஞ்சதும் திரும்பலாமா இன்னும் உள்ள போலாமான்னு டேபிளே ரெண்டா பிரிஞ்சு கத்தும். டிராகன் ஃபைட்டை விட எனக்கு அதுதான் பிடிக்கும். இந்த அஞ்சு பேரும் பந்தமே வாங்கல! எல்லாருக்கும் டார்க்விஷன், அதாவது இருட்டுலயும் பாக்குற கண்ணு, 60 அடி.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன், 2024ல வந்த ரூல் புக், ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்ல, 10 ஸ்பீசீஸ் (இனம்) இருக்கு, அதுல டார்க்விஷன் இல்லாதது மூணே மூணு: மனுஷன், குட்டையான ஹாஃப்லிங், ராட்சச உடம்பு கோலியாத். 2014 புக்ல ட்ராகன்பார்னுக்கும் கிடையாது, புதுசுல அவனுக்கும் தூக்கிக் கொடுத்துட்டாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. டார்க்விஷன் இருந்தாலும் கும்மிருட்டு மங்கல் வெளிச்சக் கணக்குதான், கண்ணால தேடி பர்செப்ஷன் (கவனிக்கிற திறன்) உருட்டினா டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை உருட்டி சின்னதை எடுக்கணும்), ஆனா இதை யாரு ஞாபகம் வச்சு உருட்டுறா?

அதுக்காக மத்ததைத் தடை பண்ணச் சொல்லல. 1974ல முதல் டி அண்ட் டி வந்தப்போ வேலி போட்டுதான் வச்சிருந்தாங்க, குள்ள இனமான ட்வார்ஃப் ஃபைட்டர் 6ஆவது லெவலோட நிக்கணும், ஹாஃப்லிங் 4, மனுஷனுக்கு மட்டும் எல்லை இல்ல. ஆசையா வளத்த கேரக்டரை பாதில நிறுத்துறது கொடுமை. 2000ல மூணாவது எடிஷன்ல அந்த வேலியைப் பிடுங்கிட்டு மனுஷனுக்கு எக்ஸ்ட்ரா ஃபீட், அதாவது ஒரு ஸ்பெஷல் திறமை, கொடுத்தாங்க, இப்பவும் ஆரிஜின் ஃபீட், ஒரு ஸ்கில், ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டுக்கும் (நீண்ட ஓய்வு) டைஸை மறுபடி உருட்ட விடுற ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன்னு நல்லாவே கொடுக்குறாங்க. பவர்ல குறையே இல்ல, ஆனாலும் "போரிங்"னு ஒதுக்குறாங்க.

எனக்குப் பிடிச்ச வழி வார்ஹாமர் ஃபேன்டஸிங்கிற இன்னொரு ரோல்பிளே கேமோட நாலாவது எடிஷன்ல இருக்கு. நூறு பக்க டைஸ் உருட்டணும், 1லேருந்து 90 வரை வந்தா மனுஷன், ஹை எல்ஃப் 99க்கு மட்டும்தான். வந்ததை அப்படியே ஏத்துக்கிட்டா 20 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போனஸ், வேணாம்னா நீங்களே தேர்ந்தெடுக்கலாம், போனஸ் போயிடும். யாரையும் கட்டாயப்படுத்தல, உலகம் எப்படிப்பட்டதுன்னு டைஸே சொல்லிடுது.

நானும் அதே மாதிரி ஒரு டைஸ் அட்டவணை போட்டேன், 60 வரைக்கும் மனுஷன், ஏத்துக்கிட்டா காயம் ஆத்துற ஹீலிங் போஷன் ஒண்ணு இலவசம். நோம் வச்சிருந்தவ உருட்டினா, 37! உடனே "அப்ப நான் இந்த ஊர்லயே பொறந்தவளா, அப்பா படகோட காணாமப் போனவரா வச்சுக்கலாமா"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு சந்தோஷம் தாங்கல, ஒரே கேள்வில கேம்பெய்னுக்கே வேர் விட்டாச்சு. ஆசிமாரும் மாறிட்டான். அஞ்சுல மூணு மனுஷன் வேணும்னு நிக்கிறேன், இன்னும் ஒண்ணு பாக்கி, ரெண்டு டீஃப்ளிங்ல யாரு மாறுறதுன்னு அவங்களுக்குள்ள பேசிட்டு இருக்காங்க. அந்த அட்டவணையை டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க, உங்க பார்ட்டில எத்தனை மனுஷங்கன்னு கமெண்ட்ல போடுங்க.