ரெடிமேட் சுவர் ஒழுகுகிறதா? முதலில் இடுக்கைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! காரைக்குடிக்கு வெளியே, எங்கள் கிடங்கின் வடக்குச் சுவர் பக்கம் நிற்கிறேன். போன ஐப்பசியில் வாடைக்காற்றோடு சாரல் அடித்து, உள்ளே அடுக்கியிருந்த ஆத்தங்குடிக் கல் பெட்டிகள் அடியோடு ஊறிவிட்டன. சுவர் பிரீகாஸ்ட், அதாவது முன்கூட்டியே அச்சில் வார்த்துக் கொண்டுவந்து நிறுத்திய கான்கிரீட் பலகைகள். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் வந்ததெல்லாம் இரண்டு பலகைக்கு நடுவில் இருக்கும் இந்த இடுக்கு வழியாகத்தான்.

தப்பு என்னுடையது. கொத்தனாரிடம், "சிமென்ட் கலவையை வைத்து அடைத்து விடுங்கண்ணே" என்று சொன்னது நான்தான். சித்திரை வெயிலுக்கும் மார்கழிக் குளிருக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். 3 மீட்டர் பலகை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சிமென்ட் ரப்பர் இல்லையே, விரிசல் விட்டுவிட்டது. மயிரிழை விரிசல் போதும், தண்ணீர் தானே உறிஞ்சிக்கொண்டு போகும். காற்றும் பின்னாலிருந்து தள்ளும்.

இதோ, பழைய கலவையைச் சுரண்டி எடுத்தாயிற்று. ஓரத்தில் பளபளப்பாகத் தெரிகிறது பாருங்கள், அது அச்சில் தடவிய எண்ணெய். அதன் மேல் எந்த சீலன்ட்டும் (இடுக்கை அடைக்கும் ரப்பர் மாதிரிப் பசை) ஒட்டாது. கிரைண்டர் ஓட்டி, கம்பி பிரஷ் போட்டு, தூசியை ஊதிவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு ப்ரைமர்.

அடுத்ததுதான் முக்கியம். பலரும் விட்டுவிடுவது இந்த நுரைக் கயிற்றை. கடையில் பேக்கர் ராடு என்று கேளுங்கள். 12 மி.மீ. இடுக்குக்கு 15 மி.மீ. கயிறு, இறுக்கமாகத்தான் போகும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் திணிக்காதீர்கள். ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி சீலன்ட்டில் கொப்புளம் விடும். நான் மரக் கரண்டிக் காம்பால் அழுத்துகிறேன் (ஆச்சிக்குத் தெரியாது).

கயிறு எதற்கு? சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் பிடிக்க வேண்டும். பின்புறமும் ஒட்டிக்கொண்டால் இழுபடும்போது நீள இடமில்லாமல் கிழிந்துவிடும். ஆழத்தையும் கயிறே நிறுத்திக் கொடுக்கும்: 12 அகலத்துக்கு 6 ஆழம் போதும். நிறைய அடைத்தால் பலம் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

எந்த சீலன்ட்? பாலியூரித்தேன் வாங்கினேன், மேலே பெயின்ட் அடிக்கலாம். சிலிக்கானில் பெயின்ட் நிற்காது. அதிலும் காடி வாடை அடிக்கிற சிலிக்கான் கான்கிரீட்டுக்கு ஆகவே ஆகாது. இரண்டு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிரப்பி, கரண்டியால் அழுத்தி வழித்து, காய்வதற்குள் டேப்பை உரித்துவிடுங்கள்.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஓட்டுத் தண்ணீரை யாரும் அடைக்கவில்லை, முற்றத்துக்கு வழிவிட்டார்கள். பெரிய கட்டடங்களில் பிரீகாஸ்டுக்கும் அதே யோசனைதான்: வெளியே ஒரு அடைப்பு, உள்ளே ஒரு அடைப்பு, தப்பி வந்த தண்ணீர் இறங்க அடியில் ஒரு துளை. எங்கள் பலகை மெலிசு, அதற்கு இடமில்லை.

சரி, ஒட்டி ஒரு வாரம் ஆயிற்று. ஹோஸ் பிடிக்கலாம். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே ஆரம்பித்தால் எந்த இடுக்கு ஒழுகுகிறது என்றே தெரியாது... பத்து நிமிடம் ஆயிற்று, உள்ளே வாருங்கள். இடுக்கெல்லாம் காய்ந்த மாதிரியே இருக்கிறது. ஆனால் ஜன்னல் மூலையில் ஈரம் தெரிகிறது பாருங்கள். அது சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில். நாளைக்குச் சட்டத்தைக் கழற்றுகிறேன்.