ஆயாவின் அம்மியும் எரிமலை தூக்கி வந்த கல்லும்
(குடியாத்தத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, கூடத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, மூன்றாம் முறையாக எனக்குத் துண்டு போர்த்தியிருக்கும் வார்டு உறுப்பினர் அண்ணன் அவர்களே, மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். துண்டு நிறைய சேர்ந்துவிட்டது அண்ணே, அடுத்த முறை ஒரு கல் கொடுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். முதலாவது ஆழம். நம் காலுக்குக் கீழே கண்டத்தின் மேலோடு சுமார் 35, 40 கிலோமீட்டர் தடிமன். ரஷ்யாவின் கோலாவில் வருஷக்கணக்காகத் துளை போட்டு 1989-இல் தொட்ட ஆழம் 12,262 மீட்டர். அதற்கே துளைக்கருவி திணறிவிட்டது. மீதியை யார் பார்த்தது?

எரிமலை பார்த்திருக்கிறது. குழம்பு வேகமாக மேலேறும்போது போகிற வழியில் பாறையைப் பிய்த்து இழுத்து வருகிறது. அந்தத் துண்டுக்கு ஜெனோலித் என்று பெயர், கிரேக்கத்தில் அந்நியக் கல். அதிலுள்ள கார்னெட், பைராக்சீன் என்ற இரண்டு கனிமங்களும் இரும்பையும் மெக்னீசியத்தையும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன என்று பார்த்தால், அந்தத் துண்டு எவ்வளவு சூட்டில் கிடந்தது என்று கணக்குப் போடலாம். சிர்கான் என்ற கனிமத்தின் மணி வயதைச் சொல்லும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். நெருப்பை வேடிக்கை பார்த்தவன் துண்டைக் கோட்டை விட்டான்.

எங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிற தாத்தா ஒருவர் வருவார். ஆயாவின் அம்மியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இதுக்குக் கூலி அதிகம்மா, உளி மழுங்கிடும்" என்றார். ஆயா விடுவாளா? "ஏன்யா, கல்லுலகூட ஒசத்தி மட்டமா?" தாத்தா அம்மியின் உடைந்த ஓரத்தில் தண்ணீர் தெளித்தார். கறுப்புக்குள் எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கு. "இது வேற கல்லும்மா." ஆயா மோர் கொடுத்தாள், அரைப்படி அரிசி கொடுத்தாள், பேசின கூலியில் மட்டும் நாலணா குறைத்தாள்.

அந்தக் கல் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த இனம்தான். அதை வைத்துத்தான் நிலவியலாளர் ஹாலண்ட் 1893-இல் பெயர் வைத்தார். ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குக் கீழே வெந்து, மேலிருந்ததெல்லாம் கரைந்துபோக வெளியே வந்தது. ஆழத்துக் கல் இங்கே எரிமலை இல்லாமலே வாசலில் கிடக்கிறது. ஆனால் இன்றைக்கும் அடியில் கிடப்பதைக் காட்ட ஜெனோலித்தான் வேண்டும்.

இரண்டாவது விஷயம் ஏலகிரி. மணி அடித்துவிட்டார்கள், அதையும் மூன்றாவதையும் விட்டுவிடுகிறேன். குவாரிக்காரர்களுக்கு மலையில் ஜல்லிதான் தெரிகிறது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம்! ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு அலமாரி வையுங்கள். கிரஷருக்குப் போகுமுன் ஒவ்வொரு மலையிலிருந்தும் ஒரு கல் துண்டு, பெயர் எழுதி. ஆறு வருஷமாக மனு கொடுக்கிறேன், கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. ஆயாவின் அம்மித் துண்டும் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன், தெளித்துப் பாருங்கள்.