கோஷா ஆஸ்பத்திரியும் பெண் மருத்துவர்களும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை சேப்பாக்கத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையே இருக்கும் அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை அவ்வட்டாரத்து மூத்தவர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். 1885-இல் அது தொடங்கப்பட்டபோது, சாதி இந்துப் பெண்களுக்கும், வேற்று ஆடவர் கண்ணில் படாமல் திரைக்குள் வாழும் கோஷா முறையைக் கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களுக்கும் உரியது என்று பெயரிலேயே குறிக்கப்பட்டிருந்தது.

சென்னையில் பிரசவத்துக்கென அரசு மருத்துவமனை ஒன்று 1844 முதலே இருந்தது. இன்றைய எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். பிறகு ஏன் இன்னொன்று தேவைப்பட்டது? மருத்துவர்கள் ஆண்களாக இருந்ததே காரணம். வேற்று ஆடவர் முன் வராத பெண்கள், குழந்தை குறுக்கே கிடந்து இரண்டு நாள் வலி எடுத்தாலும் வீட்டு மருத்துவச்சியின் கைக்கு அப்பால் போக வழியற்றிருந்தார்கள். கட்டடம் கட்டுவதோ திரை போடுவதோ மட்டும் இதற்குத் தீர்வாகாது. அறுவைக் கருவியைக் கையிலெடுக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டும்.

அந்தப் பெண்ணாக வந்தவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவருடன் 1866-இல் சென்னைக்கு வந்த அவர், இங்குள்ள பெண்களின் பேறுகாலத் துன்பங்களைக் கேள்விப்பட்டு, முதலில் பிரசவ மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அது போதாதென்று உணர்ந்ததால், 1875-இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டதே 1878-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், சென்னையில் எடுக்கப்பட்ட அந்த முடிவின் துணிச்சல் விளங்கும். பின்னர் லண்டனில் 1882-இல் பட்டம் பெற்று மறு ஆண்டே சென்னை திரும்பிய ஷார்லீப், கோஷா மருத்துவமனை உருவாக முன்னின்றார். 1887-இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகும் மருத்துவமனை நின்றுவிடவில்லை.

பெண்களை வீட்டுக்குள் அடைத்த வழக்கம், வேறு சில பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியின் வாசலைத் திறந்துவிட்டது என்பது உண்மை. ஆனாலும் இதைப் பெருமையாக மட்டும் பேசிவிட முடியாது என்பது என் எண்ணம். தீண்டாமைக்கு ஆளான பெண்ணுக்கு அம்மருத்துவமனையின் பெயரிலேயே இடமிருக்கவில்லை. அதே 1885-இல் வைஸ்ராயின் மனைவி டஃபரின் சீமாட்டி தொடங்கிய டஃபரின் நிதி நாடெங்கும் பெண்களுக்கான மருத்துவமனைகளையும் பெண்களின் மருத்துவக் கல்வியையும் ஆதரித்தபோது, அதுவும் திரை முறையை அகற்ற முயலாமல் அதற்கு ஏற்பவே நடந்துகொண்டது. வேலூரில் அமெரிக்கப் பெண் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். வைத்தியம் பார்க்க ஒரு பெண் வருவதைக் காட்டிலும், அந்த ஊரிலேயே பெண்கள் வைத்தியராவது நிலையான வழி என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அதற்கு முன்பே 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியிருந்தார் முத்துலட்சுமி ரெட்டி.

இப்படித் தனி மருத்துவமனையில் கர்ப்பிணிகளை ஒரே இடத்தில் சேர்ப்பதே ஆபத்தாக இருந்த காலமும் உண்டு. வியன்னாவின் பெரிய பிரசவ மருத்துவமனையில், பிணச்சோதனை செய்துவிட்டு வந்த மாணவர்கள் பணியாற்றிய பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள், மருத்துவச்சிகள் கவனித்த பிரிவைவிடப் பன்மடங்கு அதிகம். 1847-இல் அங்கு பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்ததும் அங்கே சாவு சரிந்தது. ஆனால் மூத்த மருத்துவர்கள் பலர் அவரை நம்பவில்லை.

இன்று சுகப்பிரசவம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடந்துவிடுகிறது. அங்கிருந்து இரவில் ஆம்புலன்ஸில் அனுப்பப்படும் பெண்களுக்காகவே எழும்பூர், திருவல்லிக்கேணி, ராயபுரம் போன்ற இடங்களிலுள்ள மருத்துவமனைகள் விழித்திருக்கின்றன. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தவருக்கு மக்னீசியம் சல்பேட் உடனே செலுத்தியாக வேண்டும். பொது மருத்துவமனையில் விபத்தில் அடிபட்டவரும் அவசர சிசேரியனுக்கு வந்தவரும் ஒரே அறுவை அரங்குக்குக் காத்திருக்க நேரலாம். பிரசவத்துக்கென்றே உள்ள தனி மருத்துவமனையில் அரங்கு, மயக்க மருத்துவர், ரத்தம், குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய நான்கும் அந்த ஒரு தாய்க்காகவே அருகருகே ஆயத்தமாக இருக்கின்றன. ஆண் மருத்துவர் முன் வரத் தயங்குவோர் குறைந்த பிறகும் இம்மருத்துவமனைகளைப் பொது மருத்துவமனைகளோடு இணைத்துவிடாமல் தனியே வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

நன்றி, வணக்கம்.