திங்கட்கிழமை மின்னஞ்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

பல பல்கலைக்கழகங்களில் வாரத்தின் முதல் நாள் காலையில் ஆய்வு மாணவர்களுக்கும், முனைவர் பட்டம் முடித்தபின் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்யும் போஸ்ட்டாக்குகளுக்கும் ஒரு மின்னஞ்சல் வரும். செவ்வாயன்று ஆய்வேடு எழுதுவோருக்கான பயிலரங்கு, புதனன்று ஆய்வு நிதிக்கான விண்ணப்பம் தயாரிப்பது பற்றி ஒரு மணி நேர வகுப்பு, வெள்ளி மாலை தேநீர்ச் சந்திப்பு, புள்ளியியல் ஆலோசனைக்கு முன்பதிவு, மனநல ஆலோசகரைப் பார்க்கத் தொலைபேசி எண் என்று பட்டியல் நீளும். முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் அந்த மின்னஞ்சலை நான் ஒருமுறைகூட முழுதாகப் படித்ததில்லை. ஆய்வில் தடுமாறுகிறவர்களுக்காக அனுப்புகிறார்கள், நமக்கு எதற்கு என்று நினைத்தேன். ஆய்வகத்தை விட்டு ஒரு மணி நேரம் வெளியே போனால் நெறியாளர் என்ன நினைப்பாரோ என்ற பயமும் இருந்தது.

அந்த நினைப்பால் எனக்குப் போனது எட்டு மாதம். அளவீடுகளையெல்லாம் எடுத்து முடித்துப் பகுப்பாய்வுக்கு உட்கார்ந்த பிறகுதான் சோதனை அமைப்பே தவறு என்று தெரிந்தது. ஒரே மாதிரியைப் பலமுறை அளந்துவிட்டு, ஒவ்வொரு அளவையும் தனி மாதிரியாக எண்ணி வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் புள்ளியியல் ஆலோசகரிடம் போனேன். பத்து நிமிடத்தில் தவறு எங்கே என்று காட்டிவிட்டார். "தொடங்குவதற்கு முன்னால் வந்திருந்தாலும் இதே பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் சொன்னதும் இதைத்தான். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் போவது, பெரும்பாலும், பிணப் பரிசோதனை செய்யச் சொல்வதுபோல. சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்றார். அவர் புள்ளியியலைப் பற்றித்தான் பேசினார். எனக்கோ அந்தத் திங்கட்கிழமைப் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் அது பொருந்துவதாகத் தோன்றுகிறது. நூலகர், எழுத்துப் பயிற்சி மையம், வேலைவாய்ப்பு ஆலோசகர், மனநல ஆலோசகர், குறைதீர்ப்பாளர் ஆகிய எல்லோரிடமும் நாம் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகே ஓடுகிறோம். முதல் ஆண்டிலேயே, எந்தச் சிக்கலும் இல்லாத நாளில், ஒருமுறை நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டவருக்கு மூன்றாம் ஆண்டில் அந்தக் கதவைத் தட்டக் கூச்சம் இருக்காது.

கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் எடுத்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 32 விழுக்காட்டினர், அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர், மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் அபாயத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான, 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில் 41 விழுக்காட்டினரிடம் நடுத்தர அல்லது கடுமையான மனப்பதற்றம் தெரிந்தது. இந்த இரண்டாவது கணக்கு, தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களை வைத்து எடுத்தது. அந்த விழுக்காட்டை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவு. இரவில் தூக்கம் வராமல் "நான் இந்த ஆய்வுக்குத் தகுதியானவன்தானா" என்று புரண்டுகொண்டிருக்கும் மாணவர் தனி ஆள் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் அதே இரவு. இருவரும் காலையில் சிரித்தபடி வணக்கம் சொல்லிக்கொள்வதால் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தனிமையை உடைக்கத்தான் அந்த வெள்ளிக்கிழமைத் தேநீர். பலருக்கு அது வெட்டிப் பேச்சாகத் தெரிகிறது. கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் 1962இல் புதுக் கட்டடத்துக்குப் போனபோது, அதன் தலைவர் மேக்ஸ் பெரூட்ஸ் உணவுக்கூடத்தை மிக முக்கியமாகக் கருதினார். அறிவியலாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசாததால்தான் பல ஆய்வகங்கள் தோற்றுப்போகின்றன என்பது அவர் கண்ட உண்மை. காலைக் காபிக்கும் மதிய உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வரவேண்டும் என்று நினைத்தார். அந்தக் கூடத்தை அவர் மனைவி கிசேலா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். நோபல் பரிசுகளுக்குப் பேர்போன ஆய்வகம் அது. 2009இல் வேதியியலுக்காகப் பரிசு பெற்ற நம் வெங்கி ராமகிருஷ்ணனும் அங்கே பணியாற்றியவர்தான். தேநீர் குடித்தால் நோபல் வரும் என்று சொல்ல வரவில்லை. தன் ஆய்வைப் பற்றித் தன் குழுவில் இல்லாத ஒருவரிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிறவருடைய ஆய்வு தேங்கிப்போவதில்லை என்பதை என் கண்ணாலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

எழுதுவதும் அப்படித்தான். ஆய்வேடு எழுதும் காலம் போன்ற தனிமை வேறில்லை. இப்போது பல வளாகங்களில் சேர்ந்து எழுதும் அமர்வுகள் நடக்கின்றன. ஒரு அறை, ஒரு கடிகாரம், பத்துப் பதினைந்து பேர். தொடங்கும்போது ஒவ்வொருவரும் இன்று எதை எழுதப்போகிறோம் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பிறகு யாரும் பேசுவதில்லை. முடியும்போது எவ்வளவு எழுதினோம் என்று சொல்லிவிட்டுக் கலைகிறார்கள். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் ஆன் டெர் ஓடர் நகரப் பல்கலைக்கழகத்தில், தள்ளிப்போட்ட கட்டுரைகளை இரவெல்லாம் விழித்து எழுதுவதற்கென்றே 2010இல் ஓர் இரவை ஏற்பாடு செய்தார்கள். அது பிற இடங்களுக்கும் பரவியது. நானும் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்துதான் என் முதல் நல்ல கட்டுரையை முடித்தேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் வரலாற்றுத் துறை மாணவி. நான் எழுதியதில் ஒரு சொல்கூட அவருக்குத் தொடர்புடையதில்லை. ஆனால் அவர் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும்போது நான் மட்டும் கைபேசியை எடுக்க முடியவில்லை.

மூன்று நிமிடத்தில் ஆய்வைச் சொல்லும் போட்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, குளிப்பதற்கு நேரம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பல வீட்டுக் குளியலறைகளில் மூன்று நிமிட மணற்கடிகாரம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் படிப்புத் தலைவருக்கு இந்த எண்ணம் வந்தது. மூன்று நிமிடம், ஒரே ஒரு படம், அவ்வளவுதான். பரிசு கிடைக்காவிட்டாலும் போய்ப் பேசுங்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் "உங்கள் ஆய்வில் புதியது என்ன" என்று கேட்கும்போது நா வறண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பயிற்சி அந்த இடத்தில் கைகொடுக்கும்.

போஸ்ட்டாக்குகளின் நிலை வேறு. இவர்களுக்காகத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மாணவர்களுக்கு ஒரு சேர்க்கை நாள் உண்டு, உடன் சேர்ந்தவர்கள் உண்டு, சங்கம் உண்டு. பேராசிரியர்களுக்குத் துறைக்கூட்டம் உண்டு. போஸ்ட்டாக் ஏதோ ஒரு மாதத்தில், ஏதோ ஒரு நாளில், தனியாக வந்து சேர்கிறார். மாணவர் அடையாள அட்டையும் இல்லை, நிரந்தரப் பணியாளருக்கான உரிமைகளும் இல்லை. பல இடங்களில் மின்னஞ்சல் பட்டியலிலேயே அவர் பெயர் இருக்காது. ஒப்பந்தம் எப்போது முடியும் என்ற கணக்கு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டனில் ஆய்வாளர்களின் பணி வளர்ச்சிக்கான உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. 2019இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் தொழில் வளர்ச்சிக்கென ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்து நாள் நெறியாளர் மனமிரங்கித் தரும் விடுப்பு இல்லை, வேலையின் ஒரு பகுதி. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால், போஸ்ட்டாக்குகள் நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அது குறையாகத் தெரியும், நான்கு பேர் கேட்டால் கோரிக்கையாகிவிடும்.

குறைதீர்ப்பாளரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்ற பிரச்சினை நட்பையே முறிக்கக்கூடியது. யார் என்ன செய்தார் என்பதைப் பதிவு செய்ய 14 பங்களிப்பு வகைகள் கொண்ட ஒரு பட்டியலைப் பல ஆய்விதழ்கள் இன்று பயன்படுத்துகின்றன. கருத்தை உருவாக்கியவர், மென்பொருள் எழுதியவர், தரவுகளைச் சீர்செய்து பராமரித்தவர் என்று தனித்தனியாகக் குறிக்கலாம். வேலை தொடங்கும்போதே அதை நடுவில் வைத்துப் பேசிவிடுங்கள். பேசியும் தீராவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர்களிடம் சொல்வது பொதுவாக ரகசியமாகவே இருக்கும், ஆனால் எந்த அளவுக்கு என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

கடைசியாக, கேட்டுக்கொண்டிருக்கும் நெறியாளர்களுக்கு. நான் முன்பு சொன்ன ஃபிளாண்டர்ஸ் ஆய்வில், நெறியாளர் நடந்துகொள்ளும் விதத்துக்கும் மாணவர்களின் மனநலத்துக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. அதைப் படித்த பிறகு நான் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்ததும், என் மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்குகளுக்கும் நானே அதை மறுபடி அனுப்புகிறேன். மேலே என் கையால் ஒரு வரி சேர்க்கிறேன். போன வாரம் எழுதியது இது: "வியாழன் மூன்று மணிக்கு எழுத்து அமர்வு இருக்கிறது, அந்த நேரத்தில் உங்களை லேபில் தேட மாட்டேன்."

வணக்கம்.