தீர விசாரித்த அறுவை மருத்துவர்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தம் வீட்டு மாடியையே இந்த மன்றத்தின் படிப்பகமாகத் தந்திருக்கும் புரவலர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, தூறலில் நனைந்தபடி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்தும்போதே தலைவர் என் காதில் நேரத்தைச் சொல்லிவிட்டார். அவர் சொல்லை மீற மாட்டேன்.

பெர்னார்ட் ஃபிஷர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். மார்பகப் புற்றுநோய் அறுவையை அவர் மாற்றியது ஒன்று. மருந்துகளில் அவர் செய்த வேலை இரண்டாவது. அவருக்கு நேர்ந்த சோதனை மூன்றாவது.

1918-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 101 வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார். அவர் தொழிலுக்கு வந்த காலத்தில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் வகுத்த முறையே சட்டம். கட்டி சிறிதோ பெரிதோ, மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் நெறிகட்டிகள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். பிழைத்த பெண்களில் பலருக்குக் கை வீங்கிப்போகும். புற்றுநோய் வரிசையாக, படிப்படியாகப் பரவுகிறது, அகலமாக வெட்டினால் தப்பலாம் என்பது நம்பிக்கை. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று என் தகப்பனார் ஓயாமல் சொல்வார். ஃபிஷர் விசாரித்தார். நோயியல் வல்லுநரான தம்பி எட்வினோடு சேர்ந்து விலங்குகளில் சோதித்தார். புற்றணுக்கள் அப்படி வரிசையில் நின்று போகவில்லை. இரத்தத்திலும் நிணநீரிலும் மாறி மாறிப் பயணம் செய்தன. அப்படியென்றால் அகலமாக வெட்டி என்ன பயன்?

சக மருத்துவர்கள் கொதித்தார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1971-இல் ஒன்று, 1976-இல் ஒன்று என இரண்டு பெரிய ஆய்வுகளைத் தொடங்கினார். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது சீட்டுக் குலுக்குவதுபோல் விழ வேண்டும். மருத்துவரே தேர்ந்தெடுத்தால் தெம்பான நோயாளிகளைத் தமக்குப் பிடித்த சிகிச்சைக்கு அனுப்பிவிடுவார். பிறகு வென்றது சிகிச்சையா, உடம்பா என்று எப்படித் தெரியும்? இரண்டாவது ஆய்வின் முடிவு 1985-இல் வந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்களும் மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-இல் எழுதியபோதும் அதே முடிவு. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு தராமல் விட்டால், 100-க்கு 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. தந்தால் 14 பேருக்கு.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மார்பில் கட்டி. அறுவைக்கு முந்தின இரவு ஒருவர் நாலு பக்க ஆங்கிலத் தாளை நீட்டி, "பாட்டி, இங்க கைநாட்டு வைங்க" என்றார். அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நான் கைநாட்டு இல்ல தம்பி. ரேஷன் கடையிலகூடப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவேன்." தாள் என் கைக்கு வந்தது. தமிழ் வாத்தியார் நான். இரண்டாவது வரியிலேயே திணறினேன். "உனக்கே புரியல, நான் எதுக்குப் போடணும்?" என்று போர்த்திப் படுத்துவிட்டார். மறுநாள் காலை ஓர் இளம் பெண் மருத்துவர் வந்து கட்டிலிலேயே உட்கார்ந்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்து தமிழில் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது, முழு மார்பகத்தையும் எடுக்க அந்தத் தாள் அனுமதி கேட்கிறது என்று. அத்தை ஒரே கேள்வி கேட்டார்: "கட்டிய மட்டும் எடுத்தாப் போதாதாம்மா?" அவர் ரிப்போர்ட்டுகளை மறுபடி புரட்டினார். "உங்களுக்குப் போதும் பாட்டி. ஆனா அப்புறம் அஞ்சு வாரம் கரண்ட், அதான் கதிர்வீச்சு, வைக்கணும். தவறாம வருவீங்களா?" "வராம?" என்றார் அத்தை. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

தாய்மார்களே, அந்தக் கேள்விக்கு விடை ஃபிஷரின் ஆய்வில் இருந்தது. ஆனால் கேள்வி பிறந்தது தமிழில் சொன்னபிறகுதான்! அமெரிக்காவிலேயே, சோதனைக்கென்று மயக்க மருந்து கொடுத்து, விழிக்கும்போது மார்பகம் இல்லாத நிலை இருந்தது. ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர், தாமே நோயாளியாக இருந்து போராடினார். நம் உச்ச நீதிமன்றமும் 2008-இல், சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு இருக்கிறது. தாள் மட்டும் இன்னும் எத்தனையோ இடங்களில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தீர விசாரிப்பதே மெய் என்றால், நோயாளி எந்த மொழியில் விசாரிப்பது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தமாக்சிஃபென் மாத்திரை நோய் வருமுன்பே காக்குமா என்று 13,388 பெண்களிடம் ஃபிஷரின் குழு ஆராய்ந்ததை இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுகிறேன். அவருக்கு நேர்ந்த சோதனையை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டியை மட்டும் எடுத்துப் பார்த்த அந்த ஆய்வில் சேர்ந்திருந்த வேறோர் ஊர் மருத்துவர் பதிவேடுகளைத் திருத்தியிருந்தது 1994-இல் வெளியே வந்து, தலைமைப் பொறுப்பிலிருந்து ஃபிஷரை விலக்கினார்கள். அந்த மருத்துவரின் நோயாளிகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டார்கள். முடிவு மாறவில்லை. 1997-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. அவரையே தீர விசாரித்தார்கள், மெய் நின்றது.

வாசலில் மேசைமேல் மனு வைத்திருக்கிறோம். அறுவைக்கான ஒப்புதல் தாள் ஒவ்வொன்றும் தமிழிலும் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன்னால் வாசித்து விளக்க வேண்டும் என்பதே கோரிக்கை. முதல் கையெழுத்து என் அத்தையுடையது. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நன்றி, வணக்கம்.