குமிழிக்குள் இருக்கும் வாயு எவ்வளவு?

எல்லோருக்கும் வணக்கம். மேசை மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர் இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு இரண்டிலும் பச்சை லேசரை அடிக்கிறேன். வலது தம்ளரில் நூல் பிடித்தாற்போல் ஒளிக்கற்றை தெரிகிறது. இடதில் அவ்வளவாக இல்லை. ஹைட்ரஜன் போன்ற வாயுவைக் கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாக விட்ட 'நானோ குமிழித் தண்ணீர்' விற்கிறவர்கள், குமிழி இருக்கிறது என்று காட்டும் வித்தை இதுதான். ஆனால் வலது தம்ளரில் குமிழி கிடையாது. அது ஒரு லிட்டருக்கு இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீர். ஒளியைச் சிதறடிக்கத் துகள் போதும்.

விட்டம் 1 மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, கீழே இருந்தால் அது நானோ குமிழி. சோடாக் குமிழி மேலே ஓடிவிடும். 100 நானோமீட்டர் குமிழியோ கணக்குப்படி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர்தான் ஏறும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அவ்வளவு சின்னக் குமிழியை நீரின் பரப்பு இழுவிசை சுமார் 28 வளிமண்டல அழுத்தத்தில் நசுக்குகிறது. பழைய கணக்கு, கண் இமைக்கும் முன் அது கரைந்துவிடும் என்கிறது. அளப்பவர்களோ நாட்கணக்கில் நிற்கிறது என்கிறார்கள். மேற்பரப்பிலுள்ள எதிர்மின்னூட்டம் காக்கிறது என்பது ஒரு கட்சி, ஒட்டியிருக்கும் பிசுக்கு காக்கிறது என்பது இன்னொரு கட்சி, நீங்கள் எண்ணுவது குமிழியே அல்ல, அழுக்கு என்பது மூன்றாவது கட்சி.

சண்டை அவர்களோடு இருக்கட்டும். நாம் வாயுவை எண்ணுவோம். ஒரு மில்லிலிட்டரில் பத்துக் கோடி குமிழி, ஒவ்வொன்றும் 100 நானோமீட்டர் என்று தாராளமாகவே வைப்போம். உள்ளே 30 மடங்கு அழுத்தம் இருந்தாலும், ஒரு லிட்டரில் உள்ள எல்லாக் குமிழியும் சேர்ந்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் 0.0016 மில்லிலிட்டர். அதே லிட்டரில் சும்மா கரைந்து நிற்கும் ஹைட்ரஜன் 19 மில்லிலிட்டர். குமிழியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. வேலை ஏதாவது நடந்தால், செய்வது கரைந்த வாயு. குமிழி இயந்திரம் வாயுவைச் சீக்கிரம் கரைக்கும் நல்ல கலக்கி, அவ்வளவே.

இனி ஃப்ரீ ராடிக்கல், பாடப்புத்தகம் சொல்லும் தனி உறுப்பு: ஜோடி சேராத எலக்ட்ரானோடு அலைந்து, பக்கத்தில் இருப்பதோடு வினைபுரியும் துகள். அதில் மூர்க்கமானது ஹைட்ராக்சில். 2007-ல் ஓசாவா, ஓட்டா குழுவினர் நேச்சர் மெடிசின் இதழில், ஹைட்ரஜன் ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தேர்ந்து அடக்குகிறது என்று எழுதினார்கள். ஹைட்ரஜன் தண்ணீர் வியாபாரம் பெரிதாகக் கிளம்பியது அதற்குப் பிறகுதான். வேகத்தைப் பாருங்கள். செல்லுக்குள் ஹைட்ராக்சில் வாழ்வது ஒரு நானோ நொடி அளவு; பக்கத்தில் கிடைக்கும் புரதம், கொழுப்பு எதையாவது கடித்துவிடும். முழுசாக ஹைட்ரஜன் கரைந்த நீரே அங்கே இருந்தாலும், ஏறக்குறைய முப்பதாயிரம் ராடிக்கலில் ஒன்றைத்தான் ஹைட்ரஜன் பிடிக்கும். பலன் ஏதேனும் இருந்தால் வேறு வழியில்தான் வர வேண்டும். நேராகப் போய் அணைக்கிறது என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

எதிர்த் திசையில், ராடிக்கலை உண்டாக்கிக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஓசோன் குமிழி விடுகிறார்கள். இங்கேதான் நம் சேலத்துத் தண்ணீர் வம்பு செய்யும். மேட்டூர்த் தண்ணீர் ஒரு மாதிரி, போர்வெல் தண்ணீர் வேறு மாதிரி. காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருந்தால், அந்தக் காரத்தன்மையைத் தரும் பைகார்பனேட்டே ஹைட்ராக்சிலைத் தின்றுவிடும். அழிக்க வேண்டிய மாசு லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல் என்றால், பதினொரு ராடிக்கலில் பத்து பைகார்பனேட்டுக்கே போகும். ஓசோனைக் கூட்டினாலும் பெரும்பங்கு வீண்தான்; முதலில் காரத்தன்மையைக் குறையுங்கள். உப்பு மிகுந்த நீரில் குமிழிகளின் மின்னூட்டக் காப்பும் சுருங்கி அவை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சின்னக் குறுக்குப் பேச்சு. குடிநீரில் போட்டு ஹைட்ரஜன் உண்டாக்க விற்கும் ஹைட்ரஜன் குச்சியில் இருப்பது மெக்னீசிய உலோகம். தண்ணீரோடு வினைபுரிந்து வாயு விடும். நம் ஊர் மாக்னசைட் மெக்னீசியம் கார்பனேட். அதைத் தண்ணீரில் போட்டால் ஒன்றும் நடக்காது.

இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது வெப்பம். முக்கால் கிலோவாட் பம்பு 20 லிட்டரைச் சுற்றினால், மின்சாரம் எல்லாம் நீரிலேயே சேரும் என்று வைத்தால், பத்து நிமிடத்தில் 5 டிகிரி ஏறும். அதனால் தொட்டியில் குளிர்க்குழாய் தேவை. வாயுவை நீரோட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விட்டால் பம்பு ஏர்லாக் ஆகும். 3 பார் அழுத்தத்தில் கரைத்து முனைவழியாக வெளியே விட்டதும் நீர் பால்போல் வெளுத்தால், அது மைக்ரோ குமிழி. ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் திறந்த தொட்டியில் ஹைட்ரஜன் லிட்டருக்கு 1.3 மில்லிகிராமுக்கு மேல் தங்காது. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே, பொறி பட்டால் தீப்பிடிக்கும். மூடிய அறையில் ஓட்டாதீர்கள்.

ஹைட்ரஜன் அளவை அறிய ஓஆர்பி மீட்டரை, அதாவது நீரின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம் காட்டும் கருவியை, நம்ப வேண்டாம். பிஎச் ஒன்று ஏறினால் மீட்டர் காட்டும் மாற்றமும், ஹைட்ரஜன் நூறு மடங்கு ஏறினால் காட்டும் மாற்றமும் ஒன்றேதான். பிளாட்டினம் கலந்த மெத்திலீன் நீலச் சாயம் நல்லது: 6 மில்லிலிட்டர் நீரில் நிறம் இழக்கும் ஒவ்வொரு சொட்டும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஹைட்ரஜன். குமிழியைச் சோதிக்க, வாயு இல்லாமல் அதே பம்பில் ஓடிய நீரையும் பக்கத்தில் வையுங்கள். பிறகு இரண்டையும் உறையவைத்து உருக்குங்கள். குமிழியாக இருந்தால் பெரும்பாலும் போய்விடும். இந்தப் பால் தம்ளரில் கற்றை அப்போதும் தெரியும்.